நாலு மணிப் புகை

மூன்று ஜன்னலையும் சாத்தியாகிவிட்டது. கதவுக்கு அடியில் வெளிச்சம் கோடு போட்டு நுழைகிற இடுக்கில், பழைய வேட்டியை நனைத்துச் சுருட்டி அடைத்தாகிவிட்டது. இனி நாலு மணி வரும்வரை செய்ய ஒன்றுமில்லை. காளீஸ்வரி சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ரவிக்கையின் கொக்கிகளைக் கழற்றிவிட்டு, குழந்தையை வெறும் நெஞ்சின்மேல் குப்புறப் போட்டு, இருவரையும் சேர்த்து ஒரு நூல்சேலையைச் சுற்றி முடிச்சிட்டிருந்தாள். குறைமாசத்தில் பிறந்த பிள்ளைக்கு இந்த நெஞ்சுச் சூடுதான் பெரிய மருந்து என்று ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள். மருந்துதான், ஆனால் சித்திரை மாசத்தில் ஜன்னல் சாத்திய அறையில் இது ஒரு வேக்காடு. கழுத்தில் வேர்வை இறங்கி, குழந்தையின் தலைக்கும் தன் தோலுக்கும் நடுவில் தேங்குவது தெரிந்தது. துடைத்தால் விழித்துக்கொள்ளும். விழித்தால் அழும், அழுதால் மூச்சை இழுக்கும், இழுத்தால் எந்தக் காற்றை இழுக்கும் என்பதில் வந்து யோசனை நின்றது. நின்ற இடத்திலேயே திரும்பத் திரும்ப நின்றது. மகளின் மூச்சு அவளுக்கு மனப்பாடம். வேகவேகமாகச் சில மூச்சு, அப்புறம் ஒரு நிறுத்தம், அப்புறம் மறுபடி. இப்படித்தான் இருக்கும், பயப்படாதே, நிறுத்தம் நீண்டால் மட்டும் பார் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நீளுவது என்றால் எவ்வளவு? ஒவ்வொரு நிறுத்தத்திலும் காளீஸ்வரியின் மூச்சும் சேர்ந்து நின்றது. குழந்தை ஆரம்பித்த பிறகுதான் இவள் ஆரம்பித்தாள். ஒரு நாள் முழுக்க இப்படித் தன் மூச்சை ஒரு உள்ளங்கை அளவு உடம்புக்குக் கடன் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க முடிந்த தனக்கு, இந்த வீட்டில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மட்டும் ஏன் இவ்வளவு நாள் ஆகிறது?

நாலு மணி என்பது தங்கராசு வைத்த நேரம். தங்கராசு அவள் புருஷனுடைய அண்ணன். தெருவைப் பார்த்து அவருடைய காயலான் கடை, கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் கண்மாய்க்கரை வரைக்கும் காலி மண். பழைய மோட்டார், உடைந்த டிவி, இடித்த கட்டடத்துச் சுவரிலிருந்து உருவிய வயர் எல்லாம் கடைக்கு வரும். தடித்த வயரைக் கத்தியால் உரித்துவிடலாம். தலைமுடி போல இருப்பதை உரிக்க முடியாது. அதையெல்லாம் பின்மண்ணில் குவித்துக் கொளுத்துவார்கள். பிளாஸ்டிக் உருகி எரிந்து போகும், செம்பு நிற்கும். சாயங்காலம் காற்று கண்மாய்ப் பக்கம் திரும்பும், புகை அப்படியே போய்விடும் என்பது தங்கராசுவின் கணக்கு. காற்றுக்கு அந்தக் கணக்கு தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வாசனை நாக்கில் வந்து உட்கார்ந்தபோது, இது என்ன என்று மாரிச்சாமியிடம் கேட்டாள். நம்ம வீட்டு ஊதுபத்தி என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். புதுப்பெண் எதற்குத்தான் சிரிக்கமாட்டாள். அப்புறம் அது கொடியில் காய்கிற துணியில் இருந்தது, மாவுப் பானையின் விளிம்பில் கறுப்புப் பொடியாக இருந்தது, அவன் கழுத்தில் முகம் வைத்தால் அங்கேயும் இருந்தது, ஒரு கட்டத்தில் எங்கேயுமே இல்லை. மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டது. வயிற்றில் உண்டான பிறகு அது திரும்பி வந்தது. சோறு, சோப்பு, சாம்பார் எல்லாம் குமட்டின. அத்தோடு இதுவும் குமட்டியது, அதனால் இதுவும் மசக்கைதான் என்று எல்லோரும் சொன்னார்கள். மாதுளை வாங்கிக் கொடுத்தார்கள். பப்பாளியை வாசல் தாண்ட விடவில்லை. கிரகணம் பிடித்த அன்று இதே அறையில் அவளை வைத்து, இதே மூன்று ஜன்னலையும் சாத்தி, ஓட்டைக்குப் பேப்பர் ஒட்டி, ஒரு கீற்று வெயில் வயிற்றில் படக்கூடாது என்று மாமியார் காவல் இருந்தாள். மூன்று மணிக்கு மேல் கிரகணம் விட்டது. குளித்துவிட்டு வந்ததும், பிள்ளைக்குக் காற்று வேண்டும் என்று அத்தையே தன் கையால் ஜன்னலைத் திறந்துவிட்டாள். சரியாக நாலு மணி. கறுப்பாக, கெட்டியாக, கொஞ்சம் இனிப்பாக அது உள்ளே வந்தது. ராகுவுக்குப் பயந்த வீடு. கண்ணுக்குத் தெரியாததற்கு எல்லாம் கதவு சாத்துகிற வீடு.

எட்டாம் மாசம் பாதியில் பனிக்குடம் உடைந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடந்த பிள்ளையைத் தாய் போய்ப் பார்ப்பதற்கே அனுமதி கேட்க வேண்டியிருந்தது. கை நீட்டித் தொட்டபோது, தன் விரலைவிடப் பிள்ளையின் மணிக்கட்டு சின்னதாக இருந்தது. அந்த வார்டு டாக்டர் சின்ன வயசுப் பெண். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எல்லாத் தாயிடமும் கேட்பதைத்தான் கேட்டாள். வீட்டுல புகை உண்டா, விறகடுப்பா? அத்தை பதில் சொன்னாள். கேஸ் அடுப்புதாங்க. சிகரெட் பிடிக்கிற ஆள்? எங்க வீட்டுல ஒருத்தருக்கும் அந்தப் பழக்கம் கெடையாதுங்க. அவ்வளவுதான். அத்தை பொய் சொல்லவில்லை. கேஸ் அடுப்புதான், அதுவும் ரெண்டு பர்னர். பழக்கம் கிடையாதுதான். தங்கராசு வெற்றிலைகூடப் போடமாட்டார். ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். கேஸ் அடுப்புதாங்க. காளீஸ்வரி அந்த ரெண்டு வார்த்தையை எடுத்து எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அதில் ஒரு ஓட்டைகூட இல்லை. அதுதான் ஆற்றாமை. பொய்யாக இருந்தால் பிடித்து இழுத்து உடைத்துவிடலாம். இது வழவழவென்று இருக்கிறது. அத்தைக்கு மறைக்கும் எண்ணமும் இல்லை. அவளைப் பொறுத்தவரை புகை என்றால் அடுப்பில் வருவது, வாயில் வருவது. பின்மண்ணில் எழுவதற்குப் புகை என்று பேர் இல்லை, அதற்குத் தொழில் என்று பேர். வீடு திரும்பும் நாளில் அத்தை டீ வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து காளீஸ்வரி டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். அதனாலதான் சீக்கிரம் பொறந்துச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதும்மா, ஒரு பிள்ளைய வச்சு அப்படிச் சொல்ல முடியாது, பல காரணம் இருக்கும் என்றாள். ஆனால் அந்த மாதிரிப் புகை தாயின் ரத்தத்தில் கலந்து வயிற்றுப் பிள்ளை வரைக்கும் போகும், குறைமாசமும் எடைக்குறைவும் புகைக்குள் இருக்கிற தாய்மாருக்கு அதிகம் என்றாள். இந்தப் பிள்ளையுடைய நுரையீரல் இன்னும் வளர்ந்து முடியவில்லை, அந்தப் புகையில் இவள் ஒரு பொழுதுகூட இருக்கக் கூடாது, மூச்சு வாங்கினாலோ விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடி வா என்றாள். கடைசியாகக் கேட்டாள், வீட்டை மாத்த முடியுமா?

வீட்டை மாத்த முடியுமா. நல்ல மனசோடு கேட்டதுதான். ஆனால் காளீஸ்வரிக்கு அது தொண்டையில் மீன்முள் போல நின்றது. இங்கே எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். வடக்கே லாரி ஓட்டிக்கொண்டிருக்கிற மாரிச்சாமி போனில் இதைத்தான் சொன்னான். அண்ணன்கிட்ட நான் எப்படிப் பேசுறது காளி, நீ கொஞ்ச நாளைக்கு உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வாயேன். அண்ணன் வீடு என்பது மாடிப்படிக்குக் கீழே ஒரு ரூம், அதில் அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள். கொஞ்ச நாள் என்பது எவ்வளவு நாள்? நுரையீரல் வளர்ந்து முடிகிற வரைக்குமா, வயர் தீர்ந்து போகிற வரைக்குமா? அப்புறம் பக்கத்துத் தெருவில் நிறைமாசமாக நிற்கிறாளே, தையல் மிஷின் வைத்திருக்கிறவள், அவள் எங்கே போவாள்? பால்வாடியில் பாய் போட்டுத் தூங்குகிற பிள்ளைகள்? ஊரே மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டு, தீயை மட்டும் சௌகரியமாக இருக்கச் சொல்லலாமா? நகர வேண்டியது யார்? நடக்கத் தெரியாத பிள்ளையா, கையில் தீப்பெட்டி வைத்திருக்கிற ஆளா? இதைக் கேட்டால் திமிர் என்பார்கள். நேற்று வந்தவளுக்கு வாயைப் பார் என்பார்கள். என்பார்கள்தான். சொல்லட்டுமே. சொல்லி முடித்த பிறகும் கேள்வி அங்கேயேதான் நிற்கும். குழந்தையின் மூச்சு நின்றது. இவளுடையதும். மின்விசிறி மட்டும் சுற்றியது. ம், வந்துவிட்டது, வேகவேகமாக. காளீஸ்வரி காய்ந்த உதட்டை நனைத்துக்கொண்டாள். கதவுக்கு வெளியே வெந்நீர்ச் சட்டியைக் கீழே வைக்கிற சத்தம், திரும்பிப் போகிற மெட்டிச் சத்தம். செல்வராணி அக்கா. தங்கராசுவின் மனைவி. மத்தியானம் தவறாமல் வெந்நீர் வைத்துவிட்டுப் போவாள். ஆனால் இந்தக் குழந்தை வந்த நாளிலிருந்து அறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. அவளுக்கு இரண்டு பிறந்தன. ஒன்று வயிற்றிலேயே போயிற்று. இன்னொன்று இதே போலக் குறைமாசத்தில் வந்து, பேர் வைக்கும் முன்னால் போயிற்று. அவளுக்குப் பிள்ளை தங்காது என்று சொந்தக்காரர்கள் எல்லாம் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். மண்சோறு சாப்பிட வைத்தார்கள். எங்கெங்கோ கூட்டிப்போய்க் கயிறு கட்டினார்கள். அக்கா ஒருநாளும் எதிர்த்துப் பேசவில்லை. கடையில் போய் உட்கார்ந்து இரும்பையும் பித்தளையையும் பிரிக்க ஆரம்பித்தாள். தங்காது. என்ன வார்த்தை இது? இந்த வீட்டில் தங்குவது எது? புகை தங்குகிறது. துணியில், மாவில், நெஞ்சில் எல்லாம் தங்குகிறது. பிள்ளை மட்டும் தங்காமல் போவது செல்வராணியின் வயிற்றுக் கோளாறா? உறுதியாகச் சொல்ல முடியாதாம். சரி, டாக்டர் சொல்ல வேண்டாம். ஆனால் அக்காவின்மேல் பழி போட்டவர்கள் எந்த உறுதியை வைத்துப் போட்டார்கள்?

தங்கராசு கெட்டவராக இருந்தால் சுலபம். காளீஸ்வரி அப்படி நினைத்துப் பார்க்க முயன்றிருக்கிறாள், முடியவில்லை. அப்பன் செத்தபோது அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். பையைப் போட்டுவிட்டு சாக்கைத் தூக்கினார். தம்பியைப் படிக்க வைத்து, லைசென்ஸ் எடுத்துக் கொடுத்து, கல்யாணம் செய்து வைத்தது இந்தத் தீதான். பனிக்குடம் உடைந்த அன்று கடை லோடு ஆட்டோவில் மெத்தையை விரித்து அவளைப் படுக்க வைத்து, வழியெல்லாம் ஹாரனில் கையை எடுக்காமல் ஓட்டிக்கொண்டு போனவர் அவர்தான். வார்டுக்குள் ஆம்பளைக்கு அனுமதி இல்லாததால் தினமும் வந்து வாசல் வாட்ச்மேனிடம் பிள்ளை எப்படி இருக்கு என்று கேட்டுவிட்டுப் போனார். இதுவரைக்கும் பிள்ளையைத் தூக்கவில்லை, கை கரியா இருக்கு என்கிறார். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கரி. அவருக்கே ராவெல்லாம் இருமல். இதெல்லாம் காளீஸ்வரிக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கோபப்பட வேண்டியிருக்கிறது. நன்றியையும் கோபத்தையும் ஒரே நெஞ்சில் வைத்தால் எது எதை அமுக்கும்? இத்தனை வருஷமாக இந்த வீட்டில் நன்றிதான் அமுக்கியது. மாரிச்சாமியின் வாயை அமுக்கியது. அக்காவின் வாயை அமுக்கியது. தன்னுடையதையும் அமுக்கப் பார்க்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து கோடைமழை பெய்துகொண்டிருந்ததால் தீ இல்லை. நேற்று வெயில் அடித்தது. நேற்று எரித்தார்கள். ஜன்னல் இன்றைக்குப் போலவே சாத்தித்தான் இருந்தது. எந்த வழியாக வந்தது என்று தெரியவில்லை, ஓட்டு இடுக்கிலோ, கதவுச் சந்திலோ, முதலில் கண்ணில் ஒரு எரிச்சல், அப்புறம் நாக்கில் அந்த இனிப்பு. மகளின் மூக்குத் துவாரம் விரிந்தது. சேலையை விலக்கிப் பார்த்தாள். விலாவுக்குக் கீழே ஒரு குழி. மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் உள்ளே போய் வந்தது, யாரோ கட்டைவிரலை வைத்து அமுக்குவது போல. ஈரத்துணியால் விசிறினாள். ஓட வேண்டும் என்றால் அந்தப் புகைக்குள்தான் ஓட வேண்டும். நெருப்பு அடங்கி, காற்று தெளிந்து, குழி மெதுவாக மறைந்தபோது காளீஸ்வரி அழவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள், அதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்தது. அது இன்னும் போகவில்லை. ராத்திரி தூங்கியபோதும் போகவில்லை, காலையில் கஞ்சி குடித்தபோதும் போகவில்லை. இப்போது பின்மண்ணில் லோடு ஆட்டோ ரிவர்ஸில் வருகிற சத்தம் கேட்டது. வண்டியின் பின்தட்டு இறங்கியது. சரசரவென்று வயர் கொட்டியது. தகரத்தை யாரோ இழுத்தார்கள்.

எழுந்தாள். யோசித்து எழவில்லை. குழந்தைக்கு அடியில் ரவிக்கையைச் சேர்த்து மாட்டிவிட்டு, சேலை முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள், குழந்தையின் தலைக்குமேல் முந்தானையைப் போட்டாள், ஈரத்துணியைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கதவைத் திறந்தாள். வெளிக்காற்று முகத்தில் பட்டதும், அடடா, எத்தனை சுகமாக இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. தீ வைக்காத காற்று. இது எல்லாருக்கும் கிடைப்பதுதானே. இதற்காக யாரிடம் கையேந்த வேண்டும்? தங்கராசு பழைய ஆயில் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு குவியலுக்கு எந்தப் பக்கம் ஊற்றலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, இடுப்பளவுக்கு ஒரு சிக்கல். அவளைப் பார்த்ததும் பதறிப்போனார். என்ன தாயி, பச்சை உடம்போட வெயில்ல வந்து நிக்கிற என்று கேட்டார். காளீஸ்வரி அவரைத் தாண்டிப் போய் குவியலின்மேல் உட்கார்ந்தாள். அவள் கனத்துக்கு அது நெளிந்து கொடுத்தது. செம்புமுனைகள் தொடையில் குத்தின.

"எந்திரி. வயரு குத்தும்."

"குத்தட்டும் அத்தான்."

தங்கராசு சுற்றிலும் பார்த்தார். பிள்ளையைக் கொண்டுபோய் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள், கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும் என்றார். நேற்றும் சாத்தித்தான் இருந்தது என்றாள். குழி விழுந்ததைச் சொன்னாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். குரல் நடுங்கும் என்று நினைத்திருந்தாள், அது கடையில் சாமான் கேட்பதுபோல் சாதாரணமாக வந்தது. அவர் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ஏதோ கலங்கியது, ஆனால் கையில் டப்பா அப்படியே இருந்தது. இந்தத் தீயிலதான் தாயி நாம அம்புட்டுப் பேரும் சாப்பிட்டோம் என்றார். ஆமாம் அத்தான், நானும் சாப்பிட்டேன், இவள் சாப்பிடமாட்டாள், இவளுக்குப் பால் மட்டும்தான் என்றாள். சொன்னது காதில் விழுந்ததுபோல் குழந்தை நெளிந்தது, நெஞ்சில் வாயை வைத்துத் தேடியது, சிணுங்கியது. காளீஸ்வரி முந்தானைக்கு உள்ளே கொக்கியைக் கழற்றினாள். தங்கராசு சட்டென்று திரும்பி நின்றுகொண்டார். தம்பி பெண்டாட்டி பால் கொடுக்கும்போது பார்க்கக் கூடாது, விலகிப் போய்விட வேண்டும். ஆனால் போனால் தீ வைக்க முடியாது. நின்றால் திரும்ப முடியாது. கண்மாயைப் பார்த்துக்கொண்டு, டப்பாவோடு, அந்த இடத்திலேயே நின்றார்.

அத்தை தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே ஓடிவந்தாள். தெருவே பார்க்கிறது, குடும்ப மானம் போகிறது, வாழவைத்த மனுசனை இப்படி நிறுத்திவைக்கலாமா என்று அழுகையும் ஏச்சுமாகக் கொட்டினாள். காளீஸ்வரி பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்து, பிள்ளை பால் குடிக்கிறது அத்தை என்றாள். பால் குடிக்கிற பிள்ளையைப் பிடுங்கச் சொல்லி எந்த மானமும் சொல்லாது. நீ வந்து இவளை எழுப்பு என்று அத்தை கடைப் பக்கம் பார்த்துச் செல்வராணியைக் கூப்பிட்டாள். செல்வராணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குவியலைப் பார்த்தாள். காளீஸ்வரியைப் பார்த்தாள். முந்தானைக்கு வெளியே தெரிந்த அந்தச் சின்னக் காலை, ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சேலைக் கொசுவத்தை லேசாகத் தூக்கிக்கொண்டு குவியலின்மேல் ஏறி, காளீஸ்வரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வயர் சரசரத்தது. தங்கராசுவுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

"யாரது?"

"நான்தான்" என்றாள் செல்வராணி.

அவர் தோள் அசையவில்லை. மனைவியிடம் திரும்பிக் கத்தலாம், ஆனால் திரும்ப முடியாது. ஒருவேளை, திரும்ப முடியாதது அவருக்கும் அந்த நேரத்தில் உதவியாக இருந்ததோ என்று காளீஸ்வரிக்குத் தோன்றியது. கண்மாயிலிருந்து வந்த காற்று அவர் சட்டையை நெஞ்சோடு ஒட்டிவிட்டு, நேராகக் குவியலுக்கும் வீட்டுக்கும் தெருவுக்குமாகப் போனது. ரொம்ப நேரம் கழித்து அவர் குனிந்து டப்பாவைத் தரையில் வைத்தார்.

"இன்னும் எம்புட்டு நேரம் தாயி?"

"மெதுவாத்தான் குடிப்பா அத்தான். கொஞ்சம் குடிப்பா, தூங்குவா, மறுபடி குடிப்பா."

"சரி. நாளைக்கு?"

காளீஸ்வரி மகளை மறுபக்கம் மாற்றிப் போட்டாள். குழந்தை கண்ணைத் திறக்காமலே பிடித்துக்கொண்டது.

"நாளைக்கும் பசிக்கும்" என்றாள்.